நான்கெல்லைக்கு உட்பட்ட இடம்

1

பம்மலிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் உட்கார்ந்து இதைப் படிக்கப்போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் மொழிபெயர்ப்பாளர் என்றால் கோட்டு போட்டுக்கொண்டு இரண்டு தலைவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். நான் நெதர்லாந்தில் உட்ரெக்ட் என்கிற ஊரில், துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் மேசை போட்டு, நம்மூர்ப் பத்திரங்களை டச்சு மொழிக்கு மாற்றிக்கொண்டிருப்பவள். கிரயப் பத்திரம், உயில், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கடன் ஒப்பந்தம், விவாகரத்துத் தீர்ப்பு. நீதிமன்றத்தில் கையை உயர்த்திச் சத்தியம் செய்து வாங்கிய முத்திரை ஒன்று என்னிடம் இருக்கிறது. அது விழுந்தால்தான் இங்குள்ள நோட்டரி அந்தக் காகிதத்தை ஏறெடுத்துப் பார்ப்பார்.

அந்த முத்திரை சும்மா நிலைக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, 'நான் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்' என்று நிரூபிக்க வேண்டும். அதற்கான பயிற்சி வகுப்புகளுக்குப் போனால் புள்ளி கிடைக்கும். புள்ளி குறைந்தால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். போன மாதம் எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். இந்த ஊரில் மரியாதை கூடக்கூட நாம் உஷாராக வேண்டும்.

புள்ளி ஏன் குறைந்தது என்று எனக்குத் தெரியும். கடந்த ஒரு வருடமாக எந்த வகுப்புக்கும் போகவில்லை. கெடுவுக்குள் மிச்சமிருந்தது ஒரே ஒரு வகுப்பு: 'வாரிசுரிமை, அசையாச் சொத்து ஆவணங்களின் கலைச்சொற்கள்.' ஒரு சனிக்கிழமை, இணைய வழி. அன்றைக்குத்தான் பம்மலில் என் கணவருக்கு வருஷ ஃபாத்திஹா, அதாவது இறந்து ஒரு வருடம் ஆனதற்கான ஓதல், வைத்திருந்தார்கள். நான் வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம், ஆனால் கடைசி வரை படித்துவிட்டு நினையுங்கள்.

2

கல்யாணத்துக்கு முன் நான் தாம்பரத்தில் ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், மின்விசிறி இல்லாத மூலையில் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பத்திரத் தமிழ். "சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல் முழு மனதுடன் எழுதிக் கொடுத்தது." அர்த்தம் பார்த்தெல்லாம் அடித்ததில்லை. விரல் தானாகப் போகும். ரஃபீக்கைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, அவர் செருப்புக் கிடங்கில் ஷிப்டு பார்க்க, நான் டச்சு படிக்க, பல வருடம் கழித்து அந்தத் தமிழே எனக்குச் சோறு போடும் என்று யார் கண்டார்கள்.

இந்தத் தொழிலில் அகராதி உதவாது. அகராதியில் 'பத்திரம்' இருக்கும், ஆனால் நம்மூரில் பத்திரம் என்பதை யாழ்ப்பாணத்தார் 'உறுதி' என்பார்கள் என்று இருக்காது. நமக்குப் பிறப்புச் சான்றிதழ், அவர்களுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம். ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டால் ஒருவருடைய வீடு இன்னொருவருக்குப் போய்விடும். அதனால் நானே ஒரு சொற்களஞ்சியம் கட்டத் தொடங்கினேன். கணினியில், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பதிவு: நம்மூர் வழக்கு, இலங்கை வழக்கு, டச்சுச் சொல், ஒரு உதாரண வாக்கியம், என் குறிப்பு.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். எந்தப் பதிவையும் தனியாக மூடக் கூடாது. எழுதியவர் உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் கேட்டு 'சரி' என்று சொல்ல வேண்டும். கண் விட்டுவிடுவதைக் காது பிடித்துவிடும். அந்த இன்னொருவருக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் இருந்தது என் மகள் நஸ்ரின்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். தமிழ் எழுத்தே அவளுக்கு அந்தப் பதிவுகளிலிருந்துதான் வந்தது. பிறகு தட்டச்சும் அவள் கைக்குப் போயிற்று. நான் சொல்லுவேன், அவள் அடிப்பாள், ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படிப்பாள். படித்து முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, சரியா இருக்கா?" என்பாள்.

நான் "சரியா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் மூடுவாள். அப்படி ஒரு பிடிவாதம்.

3

விளைவு என்ன ஆயிற்று என்றால், என் மகள் பத்திரத் தமிழில் பேச ஆரம்பித்தாள்.

அவளுடைய அத்தா ரஃபீக் அவளிடம் பம்மல் தமிழில்தான் பேசுவார். அவளுக்கு அது முழுக்கப் புரியும். ஆனால் பதில் டச்சில்தான் வரும். டச்சு செல்லாத இடத்தில், அதாவது நம்மூருக்கு வரும்போது, வாயைத் திறந்தால் அவளிடம் இருந்த ஒரே தமிழ் வெளியே வரும். ஒரு கோடை விடுமுறையில் பம்மல் வீட்டில் அவள் படுத்திருந்த அறையிலிருந்து டேபிள் ஃபேனை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அவள் கூடத்துக்கு வந்து, கொழுந்தன் இக்பாலைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்: "சாச்சா, மேற்படி மின்விசிறி தற்போது யாருடைய அனுபவத்தில் இருந்து வருகிறது?"

இக்பால் பெல்ட்டு, பர்ஸ் தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருப்பவர். வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டார்.

"இன்னா அண்ணி இது! பொண்ணு ரிஜிஸ்டர் ஆபீஸ்லருந்து நேரா வந்துகினு கீதா?"

அன்றிலிருந்து அவளுக்கு அந்த வீட்டில் 'சப் ரெஜிஸ்ட்ரார்' என்று பெயர். பக்கத்து வீட்டு அம்மா, "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டால், "ஆம், முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்பாள். ரஃபீக் விழுந்து விழுந்து சிரிப்பார். ராத்திரி என்னிடம், "பர்வீன், கொழந்தைக்குக் கொஞ்சம் மனுஷத் தமிழும் சொல்லிக் குடு" என்பார். நீங்கதான் இருக்கீங்களே, நீங்க சொல்லிக் குடுங்க என்பேன். இருவருமே அப்புறம், அப்புறம் என்று தள்ளிப்போட்டோம். அவள் குரோனிங்கன் என்கிற ஊருக்குப் படிக்கப் போனாள், அங்கேயே ஆய்வகத்தில் வேலையும் கிடைத்தது. வாரத்துக்கு ஒரு போன், பிறகு பதினைந்து நாளைக்கு ஒன்று. பிள்ளைகள் தள்ளிப்போவதைப் பற்றி இங்குள்ள நம்மவர்கள் எல்லாரும் புலம்புவார்கள். எனக்குப் புலம்பத் தோன்றியதில்லை. அத்தாவும் மகளும் எப்படியும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

4

போன வருடம் ரஃபீக் தனியாக ஊருக்குப் போனார். செம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு காலி மனை இருக்கிறது. அதற்கு வேலி போட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காலை நான் காபி போட்டுக்கொண்டிருக்கும்போது இக்பாலிடமிருந்து போன்.

"அண்ணி... அண்ணன் போய்ட்டாரு அண்ணி."

எங்கே என்று கேட்டேன். நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன்.

"வேலி போடற ஆளுங்க வந்துடுவாங்கன்னு சட்டைய மாட்டினாரு. நெஞ்சப் புடிச்சுகினு உக்காந்தாரு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போறதுக்குள்ள... அவ்ளோதான் அண்ணி."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டார். பின்னால் கூட்டத்தின் சத்தம் கேட்டது. "ஜமாத்துல சாயந்தர அசர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம்னு சொல்றாங்க. நீங்க ரெண்டு பேரும் வர்ற வரைக்கும் ஐஸ் பெட்டில வெச்சுக்கலாம்னாலும் வெச்சுக்கலாம். நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்."

நஸ்ரினுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். ஆய்வகத்துக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போவாள். அங்கே எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். விமானம் பிடித்து நாங்கள் போய்ச் சேர எப்படியும் மறுநாள் ஆகிவிடும். நம் வழக்கம் என்ன என்று எனக்குத் தெரியும், மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, காக்க வைக்கக் கூடாது. அதை விட, எனக்கு ரஃபீக்கைத் தெரியும். பஸ்ஸுக்குக் கூடக் காத்திருக்கப் பிடிக்காமல் நடந்துவிடுகிற மனுஷர்.

"வேணாம் இக்பால். அவரைக் காக்க வைக்காதீங்க. அடக்கிடுங்க" என்றேன்.

நஸ்ரின் திரும்பக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் சொல்வதை முழுக்கக் கேட்டாள். அழவில்லை. டச்சில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "எனக்கும் சேர்த்து நீயே கையெழுத்துப் போட்டுவிட்டாய்."

மறுநாள் மாலை பம்மல் போய்ச் சேர்ந்தோம். அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராகக் கபர்ஸ்தானுக்குப் போக வேண்டும் என்றாள். போனோம். வாசலில் இக்பால் அவளுக்கு முன்னால் வந்து நின்றார். பாவம், அவருடைய கண் வீங்கியிருந்தது. "கண்ணு, நம்ம ஜமாத்துல பொம்பளைங்க உள்ள போறது இல்லம்மா."

இதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவே இல்லை. சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வரும் என்று நினைத்ததும் இல்லை. அவள் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு, "எந்த இடம்?" என்று கேட்டாள்.

"அதோ, அந்த மரத்தாண்ட" என்று இக்பால் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் நிறைய மரங்கள் இருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எது என்று தெரியாமலேயே திரும்பி நடந்தாள். அன்றிலிருந்து என்னிடம் தமிழில் ஒரு சொல்கூட இல்லை. தேவைக்கு டச்சு, அதுவும் சுருக்கமாக.

அன்று சொன்னதைத்தான் இன்று கேட்டாலும் சொல்வேன். அவருக்கு நான் செய்தது சரி. அவளுக்கு அதுவே தீராத அநியாயம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

5

சாவுக்குப் பிறகு வருவது காகிதம். ரஃபீக் பெயரில் இங்கிருந்த வங்கிக் கணக்கை மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் இக்பால் அலையாய் அலைந்து வாங்கி அனுப்பினார். தமிழில் இருந்தது. வங்கியில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றி வாருங்கள்" என்றாள். நான்தான் அந்த மொழிபெயர்ப்பாளர் என்றேன். "உங்கள் குடும்பக் காகிதத்தை நீங்களே செய்ய முடியாது, மேடம்" என்றாள்.

அது எனக்கும் தெரிந்த விதிதான். புதிதாக வருகிறவர்களுக்கு நானே வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அவள் சொன்னபோது முகத்தில் அறைந்தது போல இருந்தது. எத்தனையோ பேருடைய சாவுக்கு முத்திரை போட்ட கை இது. சொந்தப் புருஷனுடைய காகிதத்தைத் தொடக் கூடாது.

வேறொரு ஊரில் இருக்கும் தயாபரனிடம் கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், இதே தொழில், என் சொற்களஞ்சியத்தை நானும் அவரும் பகிர்ந்துதான் வைத்திருக்கிறோம். "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, நாளைக்கே செய்து அனுப்பிறன்" என்றார். சொன்னபடி அனுப்பினார். பிசிறில்லாத வேலை. ஆனால் தமிழில் என் பெயருக்கு நேரே 'மனைவி' என்று இருந்த இடத்தில், டச்சில் 'விதவை' என்று போட்டிருந்தார்.

போன் செய்தேன். "தயாபரன், மனைவின்னே போட்டிருக்கலாமே."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அக்கா, களஞ்சியத்தில அப்பிடித்தானே கிடக்கு. வாரிசுச் சான்றிதழில மனைவி எண்டு வந்தால் விதவை எண்டு எழுதவேணும், இஞ்சத்தை வங்கியள் அதைத்தான் எதிர்பார்க்கும் எண்டு. உங்கட குறிப்புத்தான். நான் உங்கட சொல்லுக்கு மாறிச் செய்யிறேல்லை."

எடுத்துப் பார்த்தேன். ஆமாம், என் குறிப்புத்தான். எழுதிய அன்று ஒரு உறுத்தலும் இல்லாமல், டீ குடித்துக்கொண்டே எழுதியிருப்பேன். நஸ்ரின் உரக்கப் படித்து, நான் சரி சொல்லி, மூடிய பதிவு. அன்றைக்குத்தான் முதல் முறையாக வாய்விட்டு அழுதேன்.

6

வருஷ ஃபாத்திஹாவுக்கு ஒரு வாரம் முன்பு இக்பால் கூப்பிட்டார்.

"சனிக்கிழம வெச்சுகினு கீறோம் அண்ணி. நீங்க வரீங்களா?"

"இல்ல இக்பால். அன்னிக்கு வகுப்பு இருக்கு. தவறவிட்டா வேலையே போயிடும்." சொல்லாமல் விட்டது: வந்தால் மட்டும் என்ன, மறுபடியும் அந்த இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டுதானே நிற்க வேண்டும்.

"சரி அண்ணி." கொஞ்சம் தயங்கினார். "நஸ்ரின் போன் பண்ணிச்சு. அந்த எடத்துக்கு நாலு பக்கமும் இன்னா இன்னா கீதுன்னு கேட்டுச்சு. போய்ப் பார்த்து போன்ல சொன்னேன்."

"எதுக்காம்?"

"அது... நீங்களே கேட்டுக்குங்க அண்ணி. எனக்குப் பேஜாரா கீது." வைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு நிலத்தை விற்கவோ பிரிக்கவோ வேண்டுமென்றால் முதலில் கேட்பது நான்கெல்லை. செம்பாக்கம் மனையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஒரு வருடமாக அம்மாவிடம் பேச ஒரு வார்த்தை இல்லை, அத்தா வேலி போட நினைத்த மனைக்கு எல்லை கேட்க மட்டும் வாய் வருகிறதா? இந்த ஊர்ப் பிள்ளைகள் இப்படித்தான், எல்லாம் கணக்கு என்று பொருமினேன். பெற்ற பெண்ணைப் பற்றி அப்படி நினைத்தேன். கோபம் அடங்காமல் அவளுக்கு டச்சில் ஒரு செய்தியும் அனுப்பினேன்: "செம்பாக்கம் நிலத்தைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம் கேள். சாச்சாவைத் தொந்தரவு செய்யாதே."

மறுநாள் பதில் வந்தது. "சரி." அவ்வளவுதான்.

7

சனிக்கிழமை வகுப்பு. திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் முகங்கள்: போலந்துக்காரர், துருக்கிக்காரி, போர்ச்சுகீசியப் பெண்மணி ஒருவர், மூலையில் தயாபரன். கேமராவை அணைக்கக் கூடாது, அணைத்தால் அந்த வேளைக்குப் புள்ளி கிடையாது. காலையில் வாரிசுரிமைச் சொற்கள் முடிந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சியாளர், நல்ல மனுஷி, எல்லாரையும் பார்த்து, "உங்கள் மொழியில் டச்சுக்கு வரவே மறுக்கும் ஒரு சொத்துச் சொல்லைச் சொல்லுங்கள்" என்றார்.

என் முறை வந்தபோது 'செக்குபந்தி' என்றேன். விளக்கினேன். உங்கள் நாட்டில் ஒரு நிலத்துக்கு ஒரு எண் இருக்கும், அதோடு முடிந்தது. எங்கள் பத்திரங்களில் எண் இருந்தாலும் அது மட்டும் போதாது. அந்த நிலத்துக்குக் கிழக்கே என்ன, மேற்கே என்ன, வடக்கே யார் வீடு, தெற்கே எந்த வழி என்று எழுத வேண்டும். சுற்றி இருப்பதையெல்லாம் சொல்லி முடித்தால், நடுவில் மிஞ்சுவதுதான் அந்த இடம்.

"பக்கத்து வீட்டுக்காரர் செத்துப்போனால்?" என்று போர்ச்சுகீசியப் பெண்மணி கேட்டார்.

"பத்திரத்தில் அவர் பெயர் அப்படியே இருக்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது மேசையில் போன் அதிர்ந்தது. இக்பால், வீடியோ அழைப்பு.

நம்மூரில் அசர் முடிந்திருக்கும் நேரம். கேமராவை அணைத்தேன். அந்த மதியத்துக்கு எனக்குப் புள்ளி வரவில்லை.

திரையில் முதலில் வெள்ளைத் தொப்பியோடு இக்பால் முகம். "அண்ணி, பேசாம கேளுங்க. ஒண்ணும் பேச வேணாம்." போனைத் திருப்பினார். மண் மேடு. அதன் மேல் புதிதாகத் தெளித்த தண்ணீர். பின்னால் சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு மதில். ஒரு வருடம் கழித்து அவருடைய இடத்தை அன்றுதான் பார்த்தேன்.

"கேளுங்கன்னா, யாரு பேசப் போறாங்க இக்பால்?"

"மதிலுக்கு அந்தாண்ட நின்னுகினு கீது. நேத்து ராத்திரி வந்து எறங்குச்சு. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சு. எந்தப் பக்கம் வெளிய நின்னா அத்தாவுக்குக் கிட்டன்னு தெரியணும், நாலு பக்கமும் சொல்லுங்க சாச்சான்னு கேட்டுச்சு. இந்த மதிலு கீது பாருங்க, இதான் கிட்ட. உங்களக் கூப்புடச் சொன்னதும் அதுதான்."

பிறகு மதிலுக்கு மேலாக ஒரு குரல் வந்தது. சின்ன வயதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்த அதே குரல், ஒவ்வொரு எழுத்தாக, தப்பு வந்துவிடக் கூடாதே என்று உரக்கப் படிக்கிற குரல்.

"பம்மல் கிராமத்தில் இருக்கும் இடம். இதற்குச் செக்குபந்தி: கிழக்கே மதில். மேற்கே நடைபாதை. வடக்கே காலஞ்சென்ற காதர் மைதீன் அவர்களின் கபர். தெற்கே வேப்ப மரம். இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட இடத்தில் என் தகப்பனார் இருந்து வருகிறார்."

மண் மேடு திரையில் மேலும் கீழும் போயிற்று.

"மேற்படி இடத்தை என் தகப்பனார் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அவரை யாரும் எழுப்பவோ, காக்க வைக்கவோ கூடாது."

பத்திரத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அது அவளே சேர்த்தது.

"இதில் எனக்கோ என் தாயாருக்கோ எவ்வித ஆட்சேபணையும் இல்லை. இது யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதுடன் சொன்னது."

அதோடு நின்றுவிட்டது. ஒரு ஷேர் ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டு போகிற சத்தம். இக்பால் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அவள் பிள்ளைப் பருவம் முழுக்கப் பக்கத்தில் உட்கார வைத்து, எது யாருக்குச் சொந்தம் என்று சொல்வதற்கான அத்தனை வார்த்தையையும் கொடுத்திருந்தேன். அத்தாவுக்காக அழுவதற்கு ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை. இருந்ததை வைத்து அவள் அழுதாள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி குரல் வந்தது. இந்த முறை படிக்கிற குரல் இல்லை, ஒரு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் தமிழ்.

"அம்மா, சரியா இருக்கா?"

சரியாக இல்லை. ஒரு இடத்தில் தவறு இருந்தது. எனக்கு ஆட்சேபணை இருந்தது. அன்று காலை காபி டம்ளரோடு நின்ற நிமிடத்திலிருந்து, அடக்கிடுங்க என்று என் வாயாலேயே சொன்னபோதும், இதோ இந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் இப்போதும், அவர் போனதில் எனக்கு ஆட்சேபணை இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. என்னைக் கேட்காமல், எனக்கும் சேர்த்து அவளே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அங்கே அவள் மூடாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கு" என்றேன். மதிலைத் தாண்டிக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறை, உரக்க, "சரியா இருக்கு நஸ்ரின்" என்றேன்.